இளமையில் விழுந்த வித்து: ஸ்ரீ கணேசபிரசாத் வர்ணி அவர்களின் வாழ்வில் ஒரு பாடம்

நம் சமூகத்தார் கூடும் இடங்களில் இந்நாளில் ஒரு குறை அடிக்கடி கேட்கப்படுகிறது. கோயில்கள் புதுப்பிக்கப்படுகின்றன, பஞ்ச கல்யாண விழாக்கள் சிறப்பாக நடைபெறுகின்றன, ஆயின் சாஸ்திரம் வாசித்துப் பொருள் சொல்ல இளைஞர் எவரும் முன்வருவதில்லை, நாளை நம்மை வழிநடத்துவோர் எங்கிருந்து வருவர் என்பதே அக்குறை. இவ்வாறு கேட்போர் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். கேட்டபின், காலத்தின் மீதும் கைப்பேசியின் மீதும் பழியைப் போட்டுவிட்டு எழுந்து சென்றுவிடுகிறோம். நாமும் அவ்வாறு எழுந்து சென்றவர்களுள் ஒருவரே.

அறவழியில் பிறரை நடத்திச் செல்லும் தகுதி ஒருவருக்குத் துறவு பூணும் நாளில் திடீரென வந்து சேர்வதன்று. அதற்கு நெடுங்காலம் முன்பே, பள்ளிப் பருவத்திலும் இளமையிலும், நிலம் பண்படுத்தப்படுகிறது. தீர்த்தங்கரர்களின் வரலாறுகளை ஸ்ரீபுராணம் கூறுமிடத்து, முற்பிறவிகளிலிருந்தே தொடங்குவதன் கருத்தும் இதுவேயாம். எனினும் தீர்த்தங்கரர்களின் வாழ்வை நம் பிள்ளைகளின் வாழ்வோடு ஒப்பிட நமக்குத் துணிவு வருவதில்லை. ஆகவே நமக்கு அண்மைக் காலத்தில் வாழ்ந்த ஒருவரை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம்.

இருபதாம் நூற்றாண்டில் திகம்பர நெறியை மீண்டும் தழைக்கச் செய்த பெரியோர் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சாரித்ர சக்கரவர்த்தி ஆச்சாரிய ஸ்ரீ சாந்திசாகரர் ஆவார். 1872ஆம் ஆண்டு பெல்காம் மாவட்டத்தில் போஜ் என்னும் ஊரையடுத்துப் பிறந்து, 1920இல் முனியாகி, 1955இல் குந்தலகிரியில் சல்லேகனை ஏற்றவர். அவருக்கு வீடே பள்ளியாக அமைந்தது. அறப்பற்று மிக்க பெற்றோர் வாய்த்தனர். அத்தகைய வீடு வாய்த்த பிள்ளை அறவோன் ஆனான் என்பதில் நமக்கு வியப்பில்லை. அத்தகைய வீடு வாய்க்காத பிள்ளையின் நிலை யாது? அதை அறியவே வர்ணி அவர்களை எடுத்துக்கொள்கிறோம். வடநாட்டுச் சமணர் இல்லங்களில் இவர் பெயரை அறியாதவர் அரியர். நம்மிடையே இவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

கணேசபிரசாதர் 1874ஆம் ஆண்டு, இன்று உத்தரப் பிரதேசத்தில் லலித்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஹசேரா என்னும் சிற்றூரில் பிறந்தார். புந்தேல்கண்டம் எனப்படும் பகுதி அது. குடும்பம் சமணக் குடும்பமன்று. வைணவ நெறியைப் பின்பற்றிய வணிகக் குடும்பம். தந்தையார் ஹீராலால், தாயார் உஜியாரி. பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது குடும்பம் மடாவரா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அவ்வீட்டின் எதிரில் ஒரு ஜினாலயம் இருந்தது.

இந்த எதிர்வீட்டுக் கோயிலில்தான் நம் பாடம் தொடங்குகிறது. அக்கோயிலில் புராணம் வாசிப்பது வழக்கம். சிறுவன் போய் அமர்ந்து கேட்பான். எவரும் அவனை வருந்தி அழைக்கவில்லை. வேற்றுக் குடிப் பிள்ளை என்று விரட்டவும் இல்லை. இராமபிரான் வரலாற்றைச் சமண மரபில் கூறும் பத்மபுராணத்தைக் கேட்டுக் கேட்டு அவன் உள்ளம் அதில் தோய்ந்தது. ஒருநாள் இரவு உண்ணாமையைப் பற்றிய பகுதி வந்தது. கேட்டிருந்த பெரியவர்கள் சிலர் அவ்விரதத்தை ஏற்றனர். அவர்களோடு இந்தச் சிறுவனும் ஏற்றான். அப்போது அவனுக்கு வயது பத்து.

வீட்டில் எவரும் கைக்கொள்ளாத ஒரு விரதத்தைப் பத்து வயதுப் பிள்ளை ஏற்பது எளிதன்று. விரைவிலேயே சோதனையும் வந்தது. அவன் குடும்பத்தார் வழிபடும் கோயிலில் இரவு வழிபாடு முடிந்து பேடா வழங்கினர். பேடா என்பது பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் இனிப்பு. சிறுவன் கை நீட்டவில்லை. இரவில் உண்பதில்லை என்று கூறினான். உடனிருந்த ஆசிரியர் சினந்தார். ஆயினும் அவன் விரதத்தை விடவில்லை. பிரசாதத்தை மறுத்தது சரியா என்று சிலர் வினவக்கூடும். நமக்கோ, அவன் எவரையும் பழித்துப் பேசாமல் தன் உறுதியை மட்டும் கூறினான் என்பதே கவனத்திற்குரியதாகத் தோன்றுகிறது.

அவ்வாசிரியரைப் பற்றிய மற்றொரு நிகழ்ச்சியை ஆசிரியப் பணியில் இருந்தவர்கள் அனைவரும் அறிதல் வேண்டும். அவருக்கு ஹுக்கா புகைக்கும் பழக்கம் இருந்தது. அதற்கு நெருப்பிட்டுக் கொணரும் வேலையை மாணவர்களிடம் ஏவுவார். புகையிலையின் நாற்றம் பொறாத கணேசபிரசாதன், ஒருநாள் அதைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு, ஆசிரியரிடம் சென்று, செய்ததை மறைக்காமல் சொல்லி நின்றான். பிரம்பை எதிர்பார்த்தான் போலும். ஆசிரியர் அடிக்கவில்லை. பத்து ரூபாய் பெறுமான ஹுக்காவை உடைத்துவிட்டாய், ஆயினும் நல்லதே செய்தாய், ஒரு பீடை ஒழிந்தது, இனி நான் புகைப்பதில்லை என்னும் கருத்துப்படக் கூறிவிட்டார்.

வர்ணி அவர்கள் 'மேரீ ஜீவன் காதா' என்னும் தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை எழுதியுள்ளார். அக்காலத்தில் பத்து ரூபாய் என்பது சிறு தொகையன்று. தம் பொருளை உடைத்த மாணவனின் முன் தம் குறையை ஒப்புக்கொண்ட அவ்வாசிரியரை நாம் மனத்தால் வணங்குகிறோம். அன்று அவர் பிரம்பை எடுத்திருந்தால், உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை கிடைக்கும் என்னும் பாடத்தையே பிள்ளை கற்றிருப்பான். பிற்காலத்தில் செல்வர்களிடமும் பஞ்சாயத்தாரிடமும் அஞ்சாது பேசிய வர்ணியின் துணிவுக்கு அப்பள்ளியிலேயே அடித்தளம் இடப்பட்டது எனலாம்.

தந்தையார் ஹீராலால் குடும்ப வழிபாட்டை விட்டவரல்லர்; எனினும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தின் மீது அவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது. பெரும் இடர்களில் தம்மைக் காத்தது இம்மந்திரமே என்றும், இதனை மறவாதே என்றும் இறுதிக் காலத்தில் மகனுக்குச் சொல்லிச் சென்றார். மகனுக்கு அப்போது திருமணமும் ஆகியிருந்தது. குடும்பத்தைக் காக்க அவர் கிராமப் பள்ளி ஆசிரியரானார். ஆசிரியப் பயிற்சிக்காக ஆக்ராவிலிருந்த பயிற்சிப் பள்ளிக்கும் சென்றார். ஆனால் முடிக்காமலே திரும்பிவிட்டார். (பயிற்சி முடித்த நாமெல்லாம் வர்ணி ஆகிவிடவில்லை என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும்.)

இதன்பின் வந்தது கசப்பான காலம். சமண நெறியிலேயே நிற்பது என்று அவர் உறுதிகொண்டபோது தாயாரும் மனைவியும் உடன்படவில்லை. சாதியார் கூடி, எங்களோடு அமர்ந்து உண், இல்லையேல் விலக்கிவைப்போம் என்றனர். அவர் விலக்கை ஏற்று வெளியேறினார். பின்னாளில் ஜெய்ப்பூரில் படித்துக்கொண்டிருந்தபோது மனைவி இறந்த செய்தி கடிதத்தில் வந்தது. தளை ஒன்று நீங்கியதாகவே அன்று தமக்குத் தோன்றியது என்பதை அவர் மறைக்காமல் எழுதுகிறார். பெரியோர் வரலாறு எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். நாம் ஒரு பெண்ணாக இருந்து படித்ததால் இவ்விடத்தில் சற்று நின்றுவிட்டோம். கணவன் சென்ற வழியைப் புரிந்துகொள்ள எவரும் உதவாத நிலையில் வாழ்ந்து மறைந்த அந்த இளம்பெண்ணுக்காக நம் மனம் வருந்துகிறது. ஒருவரின் துறவுக்குப் பின்னே வேறொருவரின் துயரம் மறைந்திருக்கக்கூடும். அதைச் சொல்வதால் துறவுக்கு இழுக்கு வாராது.

வீட்டை இழந்த அவருக்கு மற்றொரு தாய் கிடைத்த வரலாறு, நம் இல்லங்களிலுள்ள தாய்மார்கள் அறிந்துகொள்ள வேண்டியது. சிம்ரா என்னும் சிற்றூரில் சிரோஞ்சாபாய் என்னும் அம்மையார் வாழ்ந்தார். இளமையிலேயே கணவரை இழந்தவர். ஓரளவு செல்வம் உடையவர். அறநூல் கேட்பதிலும் விரதங்களிலும் நாளைச் செலவிட்டவர். ஊருக்கு வந்திருந்த கணேசபிரசாதரை உணவுக்கு அழைத்தார். கூச்சத்தோடு தலை குனிந்து அமர்ந்திருந்த இளைஞனைக் கண்டதும் அவர் உள்ளத்தில் தாயன்பு பெருகியது. அன்று முதல் அவனைத் தம் மகனாகவே கொண்டார். வர்ணி அவர்கள் இறுதிவரை அவரைத் தர்ம மாதா என்றே போற்றினார்.

அன்பு காட்டியதோடு அம்மையார் நின்றுவிடவில்லை. மகனே, நீ படிக்க வேண்டும் என்றார். பணமும் கொடுத்து ஜெய்ப்பூருக்கு அனுப்பினார். குவாலியர் வரை சென்ற நிலையில் தங்கிய சத்திரத்தில் பொருள்கள் திருடுபோயின. கையில் எஞ்சிய சில அணாக்களோடு, குடையையும் விற்று, கடலை தின்று நடந்தே திரும்பினார். தாயின் முன் செல்ல நாணி வெகுநாள் ஒதுங்கி இருந்தார். செய்தி அறிந்தபோது அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. மீண்டும் அனுப்பினார். நம் பிள்ளைகள் ஒருமுறை தேர்வில் தவறினால் நாம் எத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்வோமாக.

இக்காலத்தில்தான் குரை என்னும் ஊரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அங்கு ஒரு பெரும் பண்டிதர் சாஸ்திரம் வாசித்துக்கொண்டிருந்தார். இளைஞர் பணிவோடு அவரை அணுகி, சமண நெறியின் உண்மையைத் தமக்கு விளக்க வேண்டினார். பண்டிதரோ, நீ எந்தக் குலம், எப்படி இந்நெறிக்கு வந்தாய் என்று கேட்டறிந்து, உன்னைப் போன்றோர் நல்ல சாப்பாட்டுக்காகச் சமணர் ஆகிறீர்கள், உங்களுக்குத் தத்துவம் என்ன விளங்கும் என்னும் பொருள்பட, பலர் முன்னிலையில் இழித்துரைத்தார்.

வேற்று நெறியார் இழித்திருந்தால் அது இவ்வளவு நோகாது. எந்த நெறிக்காகத் தாயையும் ஊரையும் விட்டு வந்தாரோ, அந்த நெறியின் அறிஞரே விரட்டுகிறார். அவ்விடத்திலேயே நெறியை விட்டு நீங்குவோர் பலர் உளர். கணேசபிரசாதர், இனி இந்நூல்களை முறையாகக் கற்ற பின்னரே இவர் முன் வருவேன் என்று தமக்குள் உறுதிகொண்டு எழுந்து சென்றார்.

இதைப் படித்த அன்று நம் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்து நெஞ்சைக் குத்தியது. பணி ஓய்வுக்குப் பிறகு, கோடை விடுமுறைகளில் நம் ஊர் ஜினாலயத்தில் பிள்ளைகளுக்கு அறவகுப்பு நடத்தி வந்தோம். நகரத்திலிருந்து பாட்டி வீட்டிற்கு வந்திருந்த சிறுமி ஒருத்தி, பதினொரு வயதிருக்கும், எழுந்து நின்று, "டீச்சர், விளக்கு இல்லாத காலத்தில் பூச்சி விழுந்தால் தெரியாது, அதனால் இரவில் சாப்பிட வேண்டாம் என்றார்கள். இப்போதுதான் மின்விளக்கு இருக்கிறதே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள நாம், "பெரியவர்கள் சொன்னதில் குற்றம் காணக் கூடாது, உட்கார்" என்றோம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அச்சிறுமி மறுநாள் வரவில்லை. அந்தக் கோடை முழுவதுமே வரவில்லை.

குரைப் பண்டிதர் செய்ததையே நாமும் செய்தோம் என்பது வர்ணியின் நூலைப் படித்தபோதுதான் விளங்கியது. அடுத்த விடுமுறையில் அவள் பாட்டி வீட்டிற்கு நாமே சென்றோம். "நீ கேட்டதற்கு விடை சொல்லாமல் விட்டது என் பிழை, கண்ணே. வாசல் விளக்கை ஏற்றிவிட்டுச் சற்றுப் பார்" என்றோம். மழைக்கு முந்திய மாலை அது. சிறிது நேரத்தில் விளக்கைச் சுற்றி ஈசலும் பூச்சியும் மொய்த்தன. வெளிச்சம் பெருகப் பெருக உயிர்கள் அதை நாடி வந்து மடிகின்றன என்பதையும், இருளில் நாம் அறியாமல் கொல்வது ஒன்று, விளக்கிட்டு வரவழைத்துக் கொல்வது மற்றொன்று என்பதையும் அவளே கண்டு சொன்னாள். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, டீச்சர்" என்றாள். சொல்லியிருக்கலாம்தான்.

மீண்டும் வர்ணியிடம் வருவோம். பம்பாய் சென்றார். அங்கு ஓர் அன்பர், விற்றுப் பிழைத்துக்கொள் என்று நூறு எழுதும் நோட்டுகளைக் கொடுத்தார். அவற்றை விற்ற காசில் உண்டு, இலக்கணமும் ரத்னகரண்டக சிராவகாசாரமும் படித்தார். பின் ஜெய்ப்பூர், மதுரா, குர்ஜா எனப் பல ஊர்களில் கல்வி தொடர்ந்தது. நியாய சாத்திரத்தை ஆழ்ந்து கற்க வேண்டும் என்னும் வேட்கை அவரைக் காசிக்குக் கொண்டு சென்றது.

காசியில் புகழ்பெற்ற நியாய பண்டிதர் ஒருவரிடம் சென்றார். அவர் முதலில் அன்போடு பேசினார். சமணன் என்று அறிந்ததும் முகம் மாறியது. சமணனுக்கு நான் கற்பிப்பதில்லை என்று வெளியே போகச் சொல்லிவிட்டார். குரையில் பிறப்பால் சமணன் அல்லன் என்று இழிவு. காசியில் சமணன் என்பதால் இழிவு. இரு கதவுகளும் மூடப்பட்ட ஒருவரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். அன்றிரவு அவர் அழுதார். ஆனால் அவர் மனம் தம் படிப்போடு நின்றுவிடவில்லை. இத்தகைய பெரிய கல்வி நகரத்தில் சமண மாணவன் சென்று படிக்க ஓரிடம் இல்லையே என்னும் எண்ணமே மேலோங்கியது. தம் துன்பத்தைத் தமக்கு மட்டும் உரியதாகக் கருதாமல், தமக்குப் பின் வருவோர்க்கும் நேரப்போவதாகக் காணும் பார்வை இங்குத் தோன்றுகிறது. நம் கருத்தில், அவர் தலைவரானது இந்த இரவில்தான்; பின்னாளில் பெற்ற பட்டங்களால் அன்று.

கையில் பொருளில்லை. அன்பர் ஒருவர் ஒரு ரூபாய் கொடுத்தார். அந்த ஒரு ரூபாய்க்கும் அஞ்சல் அட்டைகள் வாங்கினார். அக்காலத்தில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நான்கு பைசா. அட்டையின் விலை ஒரு பைசா. எத்தனை அட்டைகள் என்பதைப் பிள்ளைகள் கணக்கிட்டுச் சொல்லட்டும். ஆம், 64. நாடெங்கிலும் உள்ள 64 சமணப் பெருமக்களுக்கு, காசியில் ஒரு கல்விச்சாலை வேண்டும் என்று எழுதினார். உதவி வரத் தொடங்கியது. 1905ஆம் ஆண்டு, அறநூல் ஏட்டில் எழுதப்பெற்றதைப் போற்றும் சுருத பஞ்சமித் திருநாளில், கங்கைக் கரையில் பதைனி என்னுமிடத்தில் ஸ்யாத்வாத மகாவித்யாலயம் தொடங்கப்பெற்றது. பம்பாய்ச் சேட் மாணிக்சந்த் அவர்கள் திறந்துவைத்தார். நிறுவியவரே அதன் முதல் மாணவராகவும் அமர்ந்தார். தாம் நிறுவிய பள்ளியில் தலைவர் நாற்காலியை விடுத்து மாணவர் பாயில் அமர்ந்தவர் என்பதை நாம் மறவாதிருத்தல் நன்று.

அங்கு நியாயம் கற்பிக்க வந்தவர் அம்பாதாச சாஸ்திரி என்னும் அந்தண அறிஞர். ஓர் அந்தண அறிஞர் விரட்டினார். மற்றோர் அந்தண அறிஞர் வாயாரக் கற்பித்தார். ஆகவே வர்ணியின் எழுத்தில் எந்தக் குலத்தார் மீதும் பொதுவான பகை காணப்படுவதில்லை. இளமையில் இருவகை மனிதரையும் கண்டவருக்கே இந்த நடுநிலை கைகூடும். அநேகாந்தம் நூலில் கற்கப்படுவது உண்மையே. வாழ்விலும் அது கற்கப்படுகிறது.

அக்கல்விச்சாலையில் பயின்று வெளிவந்தோர் பின்னர் நாட்டின் சமணக் கல்வியையே தாங்கி நின்றனர். பண்டித கைலாசசந்திர சாஸ்திரி அவர்கள் அங்கேயே பயின்று, அங்கேயே நெடுங்காலம் முதல்வராக விளங்கினார். சாகர் நகரிலும் துரோணகிரியிலும் புந்தேல்கண்டத்தின் வேறு பல ஊர்களிலும் வர்ணியின் முயற்சியால் பாடசாலைகள் தோன்றின. சிரோஞ்சாபாய் அம்மையாரும் தம் செல்வத்தை இக்கல்விப் பணிக்கே ஈந்தார்.

அவர் பணியில் மற்றொரு கூறு உண்டு. அது பள்ளிகளைவிடவும் அரியது என்று நமக்குத் தோன்றுகிறது. புந்தேல்கண்டச் சிற்றூர்களில் அக்காலத்தில் சிறு குற்றத்திற்கும், குற்றமே இல்லாமலும், குடும்பங்களைச் சாதி விலக்கு செய்து ஜினாலயத்திற்குள்ளும் விடாமல் தடுக்கும் வழக்கம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக விலக்கப்பட்டிருந்த குடும்பங்களும் உண்டு. வர்ணி ஊர் ஊராகச் சென்று, பஞ்சாயத்தாரைக் கூட்டி, வாதாடி, அக்குடும்பங்களை மீண்டும் சேர்த்துவைத்தார். அக்குடும்பத்தார் அழைக்க, அவர்கள் வீட்டில் மற்றவர்களையும் அமர்ந்து உண்ணச் செய்தார். விலக்கப்படுவது எத்தகையது என்பதை அவர் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். தம் இருபதாம் வயதையொட்டி அதனைத் தாமே பட்டு அறிந்தவர். அந்தப் பழைய வடுவே இம்முதிய வயதில் அவர் கண்ணாக நின்று, மூலையில் ஒதுங்கி நிற்பவரைக் காட்டிக்கொடுத்தது.

இளமையில் துன்பப்பட்டவர் அனைவரும் இவ்வாறு ஆவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விலக்கப்பட்டவர், வாய்ப்பு வந்தபோது பிறரை விலக்குவதையும் நாம் கண்டிருக்கிறோம். துன்பம் தானே எவரையும் பண்படுத்துவதில்லை. வர்ணியின் வாழ்வில் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் ஒரு கை தாங்கிற்று. ஆசிரியர் பிரம்பை எடுக்காத கை, தந்தையின் இறுதிச் சொல், சிரோஞ்சாபாயின் உணவுத் தட்டு, நூறு நோட்டுகள், ஒரு ரூபாய். இவற்றுள் எதுவும் பெருஞ்செல்வர் மட்டுமே செய்யக்கூடியதன்று. இளைஞர் முன்வருவதில்லை என்று நாம் குறைகூறுமுன், நம் கையால் இவற்றுள் எதைச் செய்தோம் என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டாவா? வீட்டெதிரே கோயில் இருந்தால் மட்டும் போதாது. மாலையில் அங்கே எவரேனும் உரக்க வாசிக்க வேண்டும். கேட்க ஒருவரும் இல்லாத நாளிலும் வாசிக்க வேண்டும். யார் வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று கேட்கிறது என்பது நமக்கு எப்படித் தெரியும்?

வர்ணி அவர்கள் பெரிதும் ஈடுபட்டுப் பயின்று உரையாற்றிய நூல் ஆச்சாரிய குந்தகுந்தரின் சமயசாரம் ஆகும். நம் மரபு குந்தகுந்தரை வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையோடு இணைத்துப் போற்றுகிறது. நம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கிய சமயசாரத்தைப் பாரதீய ஞானபீடம் 1950இல் வெளியிட்டது. புந்தேல்கண்டத்துச் சிறுவன் நாடெங்கும் அலைந்து தேடிய அந்நூல், நம் மலையின் அடிவாரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது. எளிய தமிழில் நாள் ஒன்றுக்கு ஒரு காதை வீதம் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கலாம். விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று அவர்கள் எதிரிலேயே ஒப்புக்கொள்ளலாம். ஹுக்காவை இழந்த ஆசிரியரை நினைத்துக்கொண்டால் அதில் நாணம் இராது.

முதுமையில் வர்ணி அவர்கள் வாகனங்களைத் துறந்து நடந்தே பயணம் செய்தார், க்ஷுல்லகர் ஆனார். ஸ்ரீ சம்மேதசிகரத்தின் அடிவாரத்தை அடுத்த ஈசரியில் தங்கியிருந்து, இறுதியில் முனி தீட்சை ஏற்று, கணேசகீர்த்தி என்னும் பெயரோடு, சல்லேகனை விரதத்தால் 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் உடல் நீத்தார். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து அதே நாளை நம் நாடு டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களின் பிறந்தநாளை முன்னிட்டு ஆசிரியர் தினமாகக் கொண்டாடி வருகிறது. ஆண்டுதோறும் அந்நாளில் நம் ஊர் ஜினாலயத்தில் விளக்கு ஏற்றுமுன், வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளைக் கூட்டி, பத்து வயதில் எதிர்வீட்டுக் கோயிலுக்குள் வந்து அமர்ந்த அச்சிறுவனின் கதையைச் சொல்லி வருகிறோம். சென்ற ஆண்டு ஒன்பது பிள்ளைகள் வந்தனர். அவர்களுள் இருவர் நம் சமயத்தைச் சேராத அண்டை வீட்டுப் பிள்ளைகள்.